சம்மதம் அழுத்துமுன்: மென்பொருள் ஒப்பந்தங்களை வாசிக்கும் வழி

வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுப்பதென்றால் நாங்கள் எத்தனை கேள்வி கேட்கிறோம்! முற்பணம் எத்தனை மாதத்துக்கு, தண்ணீர் பில் யார் தலையில், விடுவதென்றால் எவ்வளவு முன்னதாகச் சொல்லவேண்டும், ஆணி அடிக்கலாமா. காணி என்றால் இன்னும் கூட. உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் ஓடி, நாற்புற எல்லை சரியா, எங்காவது ஈடு வைத்திருக்கிறார்களா என்று குடைந்துவிட்டுத்தான் மறுவேலை. அதே நாங்கள்தான் போனில் ஒரு செயலியை இறக்கியதும், நாற்பது பக்க ஒப்பந்தத்துக்கு அரை செக்கனில் சம்மதம் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்குத் தொழில் வடிவமைப்பு: கல்யாண அழைப்பிதழ், கடைப் பலகை, போத்தல் லேபிள். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு பலகாரக் கடைக்குச் சின்னம் வரைந்து கொடுத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் அழகான தமிழ் எழுத்துரு. பெட்டிகள் அச்சாகி, லட்டு நிரம்பி, கடைக்காரருக்கும் பெரிய சந்தோஷம். மூன்று மாதம் கழித்து எழுத்துருவை வடித்தவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இறக்கிய சிப் கோப்பைத் திரும்பத் திறந்து பார்த்தேன். ரீட்மீ என்ற சிறு கோப்பில் இரண்டே வரி: தனிப்பட்ட பாவனைக்கு இலவசம், வணிகப் பாவனைக்கு எழுதிக் கேட்கவும். மனுஷன் நல்லவர். நியாயமான ஒரு தொகையைக் கேட்டார், கட்டினேன். கடைக்காரருக்கு விஷயமே தெரியாது. ஆனால் அன்றிரவு என் கணினியில் இருந்த இருநூற்றுச் சொச்சம் எழுத்துருக்களுக்கும் அந்தச் சிறு கோப்பைத் தேடிக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

வாசிக்காதவன் நான் மட்டுமில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். 2005இல் பிசி பிட்ஸ்டொப் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஒப்பந்தத்துக்குள், இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு என்று ஒரு வரியைச் செருகிவைத்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறக்கி, நான்கு மாதம் போனபிறகுதான் ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டொலர் கிடைத்தது.

இனி வழிக்கு வருவோம். என் வழியில் முதல் விதி, தலையிலிருந்து வால்வரை வாசிக்காதீர்கள் என்பதுதான். உறுதியை யாரும் கதைப் புத்தகம்போல் வாசிப்பதில்லை. எல்லை, உரித்து, வில்லங்கம் என்று தேடித்தான் வாசிப்பார்கள். இதுவும் அதே மாதிரி.

கையில் இருப்பது எந்தக் காகிதம்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளுக்கு வருவது உரிம ஒப்பந்தம். நிறுவனத்தின் சேர்வரில் ஓடுவதை நீங்கள் அங்கே போய்ப் பாவிப்பதென்றால் வருவது சேவை நியதிகள். உங்களைப் பற்றி என்ன சேகரிக்கிறார்கள் என்று சொல்வது தனியுரிமைக் கொள்கை. முதலாவதில் நீங்கள் பெறுவது என்ன என்று பாருங்கள். மூன்றாவதில் கொடுப்பது என்ன என்று பாருங்கள். நடுவில் இருப்பதில் இரண்டும் கலந்திருக்கும், அதனால்தான் அது நீளம்.

இவற்றோடு குட்டி போட்ட காகிதங்களும் உண்டு: பணம் திருப்பித் தரும் கொள்கை, ஏற்றுக்கொள்ளத்தக்க பாவனைக் கொள்கை, சந்தா நியதிகள். பிரதான ஒப்பந்தத்தில் நீலக் கோடிட்ட சொல் ஒன்று இருந்து, பக்கத்தில் “அதுவும் இந்த ஒப்பந்தத்தின் பகுதியே” என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்தே நீங்கள் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. பணம் சம்பந்தப்பட்ட சங்கதி பெரும்பாலும் அந்தக் குட்டிகளில்தான் ஒளிந்திருக்கும்.

கையெழுத்து வைக்கவில்லையே, இது செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. செல்லும். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பதில் விஷயம் இருக்கிறது. 1996இல் புரோசிடி என்ற நிறுவனத்தின் வழக்கில், மென்பொருள் பெட்டிக்குள் இருந்த நிபந்தனைகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது என்பது காரணம். 2002இல் நெட்ஸ்கேப் வழக்கில் இன்னொரு நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. அங்கே இறக்கும் பொத்தான் மேலே இருந்தது, நிபந்தனைக்கான இணைப்போ திரையைக் கீழே உருட்டினால்தான் தெரியும். கண்ணில் படாததுக்குச் சம்மதம் என்று எடுக்கமுடியாது என்றார்கள். கட்டத்தில் நீங்களே சரி போட்டுவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

வாசிக்குமுன் ஒரு பிரதி

முதல் வேலை, பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்பின் பெயரில் அன்றைய திகதியைப் போடுவது. இந்தக் காகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் சம்மதித்த நாளில் என்ன இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் பிரதிதான் சாட்சி. மேலே “கடைசியாகத் திருத்தப்பட்டது” என்ற திகதியையும், எந்த நாட்டவருக்கான பதிப்பு என்பதையும் பாருங்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, அமெரிக்கருக்கு ஒன்று, மற்ற எல்லோருக்கும் ஒன்று என்று வைத்திருப்பார்கள். நாங்கள் மற்ற எல்லோரும். ஐரோப்பியப் பதிப்பை வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் செலவழிப்பது? டோர்ச் லைட் செயலிக்கு இரண்டு நிமிடம் போதும், அது ஏன் தொடர்பு எண்களைக் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் வேலை, பணம், பிள்ளைகளின் படம் போய் உட்காரும் இடத்துக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள். ஊழியர்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் நம்பி ஒப்படைக்கும் கணக்கு மென்பொருளுக்கு ஒரு முழுப் பின்னேரமே போகட்டும்.

பிறகு கொன்ட்ரோலும் எஃப்பும், பக்கத்தில் சொல் தேடும் விசைகள். ஒப்பந்தம் அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் தேடவேண்டிய சொற்களும் ஆங்கிலச் சொற்களே: ரினியூ, ரிஃபண்ட், டேர்மினேட், லைசன்ஸ், சப்லைசன்ஸ், தேர்ட் பார்ட்டி, ஆர்பிட்ரேஷன், கவர்னிங் லோ, மொடிஃபை, கொமர்ஷல். இந்தப் பத்தும் இருக்கும் பந்திகளை வாசித்தாலே சாரத்தில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

கெப்பிட்டல் எழுத்துச் சொற்கள்

வசனத்தின் நடுவில் ஒரு சொல் கெப்பிட்டல் எழுத்தில் தொடங்கினால் அதற்கு அகராதிப் பொருள் இல்லை, அவர்கள் கொடுத்த பொருள்தான். “நீங்கள்” என்றால் நீங்கள் மட்டுமா, வேலை செய்யும் நிறுவனமுமா? “உள்ளடக்கம்” என்றால் பதிவேற்றிய படம் மட்டுமா, தட்டச்சு செய்த அரட்டையுமா? “இணை நிறுவனங்கள்” என்றால் எத்தனை பேர்? வரைவிலக்கணப் பந்தியை முதலில் புரட்டாமல் மற்றதை வாசிப்பது, எல்லைக் கல் எங்கே என்று தெரியாமல் வேலி போடுவது மாதிரி.

எது உங்களுடையது, எது குத்தகை

இதுதான் ஒப்பந்தத்தின் நெஞ்சு. “விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது” என்ற வரி எங்கோ இருக்கும். காசு கொடுத்து வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது வயலில்லை, வயலில் விதைக்கும் குத்தகை. குத்தகை எந்த மாதிரி என்பதை நான்கைந்து அடைமொழிகள் சொல்லும். பிரத்தியேகமற்றது என்றால் மற்றவருக்கும் கொடுப்பார்கள், அதில் பாதகமில்லை. கைமாற்ற முடியாதது என்றால் மடிக்கணினியை விற்றாலும் மென்பொருளைச் சேர்த்து விற்கமுடியாது. மீளப் பெறக்கூடியது என்றால் அவர்கள் நினைத்தால் எடுத்துவிடலாம்.

எடுப்பார்களா? எடுத்திருக்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இருக்கவில்லை என்று கண்டுபிடித்த சில மின்னூல்களை, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தும் அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். புத்தகக் கடைக்காரர் இரவில் வந்து அலுமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போய், மேசையில் காசை வைத்துவிட்டுப் போவதுபோல.

அடுத்தது எண்ணிக்கை. உரிமம் எதைக் கொண்டு எண்ணப்படுகிறது: ஆளையா, கருவியையா, ஒரே நேரத்தில் பாவிப்பவர்களையா? விண்டோஸை எடுத்தால், புதுக் கணினியோடு வரும் ஓஈஎம் உரிமம் அந்தக் கணினியோடேயே கிடக்கும். மதர்போர்ட் செத்தால் உரிமமும் அநேகமாக அதோடு போய்விடும். தனியாக வாங்கும் ரீட்டெயில் உரிமத்தை வேறொரு கணினிக்கு மாற்றலாம். விலை வித்தியாசத்துக்கு அதுதான் காரணம். ஒருநாள் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் நடந்தது இது:

“அண்ணை, விண்டோஸ், ஒஃபீஸ் எல்லாம் போட்டே தாறம்.”

“லைசன்ஸ் உள்ளதோ, தம்பி?”

“ஓம் ஓம், அக்டிவேட் ஆகித்தான் இருக்கும். ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ.”

அக்டிவேட் ஆகியிருப்பதும் உரிமம் இருப்பதும் வேறு வேறு. எங்கோ ஒரு நிறுவனத்துக்குத் தொகையாகக் கொடுத்த வொலியூம் சாவியைப் போட்டாலும் திரையில் அக்டிவேட் என்றுதான் காட்டும். பற்றுச்சீட்டில் மென்பொருளின் பெயரும் உரிம வகையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் படைப்புகளாகப் பாதுகாக்கிறது. அதனால் பிடிபட்டால் பதில் சொல்லவேண்டியது கடைத் தம்பி மட்டுமில்லை, பாவிப்பவரும்தான்.

பிறகு நோக்கம். ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் என்ற பெயரில் 2021 பதிப்புவரை வந்த ஒஃபீஸை வணிக வேலைக்குப் பாவிக்க அதன் ஒப்பந்தம் இடம் கொடுக்காது. மகளின் படிப்புக்கு வாங்கியதில் டியூஷன் வகுப்புக் கட்டணப் பட்டியல் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! எழுத்துரு, படம், இசைத்துண்டு மூன்றுக்கும் இதே கேள்வி: தனிப்பட்ட பாவனையா, வணிகமா? வணிகமென்றால் அச்சில் மட்டுமா, செயலிக்குள்ளும் பொதிக்கலாமா?

மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விடும் திறந்த மூல உரிமங்களை வாசிப்பது ஒரு சுகம். எம்ஐடி உரிமம் ஒரு பக்கம்கூட இல்லை: எடு, பாவி, மாற்று, விற்கவும் செய், என் பெயரையும் இந்த வாசகத்தையும் மட்டும் அழிக்காதே, பழுதென்றால் என்னிடம் வராதே. ஜிபிஎல் என்பது இன்னொரு திறந்த மூல உரிமம்; 1991இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் 2007இல் வந்த மூன்றாம் பதிப்பும் கொஞ்சம் நீளம். அவற்றில் நிபந்தனை கடிக்கும் இடம், நிரலை மாற்றியோ மாற்றாமலோ மற்றவருக்குக் கொடுக்கும்போதுதான். அப்போது மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும். உங்கள் கடைக்குள் வைத்து ஓட்டும்வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பலகாரக் கடைச் சம்பவத்துக்குப் பிறகு நான் தஞ்சமடைந்தது நோட்டோ தமிழ் எழுத்துருக்களிடம். அவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகின்றன. லோகோவிலும் போடலாம், லேபிளிலும் போடலாம், செயலியிலும் பொதிக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

செய்யக்கூடாதவை என்ற பட்டியலும் இந்தப் பகுதியிலேயே வரும். பாதி வழமையானது: பிரதி எடுக்காதே, உள்ளே பிரித்துப் பார்க்காதே. சிலது சிரிப்பை வரவழைக்கும். ஐடியூன்ஸ் ஒப்பந்தத்தில் அணு ஆயுதம், ஏவுகணை செய்ய இதைப் பாவிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். பாட்டுக் கேட்கும் செயலியில் இது எதற்கு என்றால், அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பயந்து எல்லாவற்றிலும் ஒட்டிவிடும் வாசகம் அது.

நீங்கள் கொடுக்கும் உரிமம்

சேவை நியதிகளில் உரிமம் எதிர்ப்பக்கமாகவும் ஓடும். நீங்கள் பதிவேற்றுவதற்கு “உலகளாவிய, கட்டணமற்ற, துணை உரிமம் வழங்கக்கூடிய” உரிமத்தை அவர்களுக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள். இந்த வரியைப் பார்த்ததும் என் படத்தைத் திருடுகிறான் என்று பதறத் தேவையில்லை. உங்கள் படத்தைச் சுருக்கி, பல சேர்வர்களில் பிரதி வைத்து, கனடாவில் இருக்கும் மச்சாளுக்குக் காட்டவேண்டுமென்றால் அந்த அனுமதி அவர்களுக்கு வேண்டும். பார்க்கவேண்டியது வாலை. “சேவையை நடத்துவதற்காக மட்டும்” என்ற கட்டு இருக்கிறதா? நீங்கள் அழித்தால் உரிமமும் முடிகிறதா, “நிரந்தரமானது, மீளப் பெற முடியாதது” என்று இருக்கிறதா? விளம்பரத்தில் உங்கள் பெயரையும் முகத்தையும் போட இடம் கொடுக்கிறதா?

இப்போது இதே வரியில் இன்னொன்றையும் தேடவேண்டியிருக்கிறது: செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பது. 2023 மார்ச்சில் சூம் தன் நியதிகளை மாற்றியது, ஓகஸ்டில்தான் ஆட்கள் கவனித்தார்கள். கூட்டங்களில் பேசுவதை வைத்துப் பயிற்றுவிப்பார்களோ என்று கூச்சல் எழுந்தபிறகு, அப்படிச் செய்வதில்லை என்று நியதிகளிலேயே எழுதிவைத்தார்கள். 2024 ஜூனில் அடோபியின் முறை. புதிய நியதிகளுக்குச் சம்மதித்தால்தான் மென்பொருள் திறக்கும் என்று திரையில் வந்தது. எங்களைப்போன்ற வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். வாடிக்கையாளரின் வேலையை வைத்துப் பயிற்றுவிப்பதில்லை என்று அதே மாதத்தில் வாசகத்தைத் திருத்தி எழுதினார்கள். இரண்டு இடத்திலும் ஆட்களைப் பதறவைத்தது எல்லை போடாத வசனம். “சேவைகளை மேம்படுத்த” என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தச் சேவையை, எதைக் கொண்டு என்ற இரண்டு கேள்விக்கும் அங்கேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரின் இரகசியக் கோப்புகள் உங்களிடம் இருந்தால் அது இன்னும் அவசியம். அவற்றுக்குச் சம்மதம் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கே இல்லை.

தனியுரிமைக் கொள்கை

2021 ஜனவரியில் வட்ஸ்அப் புதிய கொள்கையை அறிவித்தபோது குடும்பக் குழுக்களில் வந்து விழுந்த ஃபோர்வேட் செய்திகள் ஞாபகம் இருக்கிறதா? எல்லாவற்றையும் ஃபேஸ்புக் வாசிக்கப்போகிறது என்றார்கள். கொள்கையைத் திறந்து பார்த்தால் மாற்றம் பெரும்பாலும் வணிக நிறுவனங்களோடு பேசும் செய்திகள் பற்றியது. தனிப்பட்ட உரையாடல்களை மூன்றாம் ஆள் வாசிக்கமுடியாமல் பூட்டும் மறையாக்கம் அப்படியேதான் இருந்தது. அந்த ஃபோர்வேட்டைத் தட்டச்சு செய்த நேரத்தில் அந்தப் பந்தியை வாசித்து முடித்திருக்கலாம்.

நான்கைத் தேடுங்கள்: எதை எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், எந்த நாட்டில் வைத்திருக்கிறார்கள். “நம்பிக்கைக்குரிய பங்காளிகள்” என்ற சொற்றொடர் வந்தால் பங்காளிகளின் பட்டியல் எங்கே என்று பாருங்கள். ஒழுங்கான நிறுவனம் பட்டியல் வைத்திருக்கும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தல் சட்டம், உங்கள் தரவைப் பார்க்க, பிழை திருத்த, கொடுத்த சம்மதத்தை மீளப் பெற, அழிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமைகளை வகுத்திருக்கிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்ட சட்டம் அது. உள்ளூர்ச் செயலி ஒன்றின் கொள்கையில் அந்தச் சட்டத்தின் பெயரே இல்லையென்றால் நான் அதை ஒரு குறையாகக் குறித்துக்கொள்வேன்.

பணம்

இலவசப் பரீட்சார்த்தக் காலம் முடிந்தால் என்ன நடக்கும், தானாகப் புதுப்பிக்குமா, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னதாக, பாதியில் விட்டால் மிச்சம் திரும்புமா. “மாதம் இவ்வளவு” என்று பெரிதாகப் போட்டிருப்பதன் கீழே “வருட ஒப்பந்தம், மாதாமாதம் செலுத்தப்படும்” என்று சிறிதாக இருந்தால், நீங்கள் எடுத்தது மாதச் சந்தா இல்லை. நடுவில் விட்டால் தண்டம் இருக்கலாம்.

எங்களுக்கு இன்னொரு வரியும் முக்கியம்: எந்த நாணயத்தில்? 2021இல் ஒரு கோப்புக் களஞ்சியச் சேவைக்கு வருடச் சந்தா எடுத்து மறந்தே போனேன். அடுத்த வருடம் மே மாதம் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ். டொலர் விலையில் ஒரு சதமும் கூடவில்லை. ஆனால் முந்தைய வருடம் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் அப்போது முந்நூற்று அறுபதில் நின்றது. காஸ் வரிசையில் நின்றுகொண்டு அதை வாசித்தேன். எழுதிக் கேட்டதற்கு, புதுப்பிப்புக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பினோம், நிபந்தனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒன்று. வங்கிச் செயலியில் அட்டையை முடக்கிவிட்டால் சந்தா முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. முதலில் கணக்குக்குள் போய் ரத்துச் செய்து, வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைச் சேமித்து, அதற்குப் பிறகு அட்டையைக் கவனியுங்கள்.

மாற்றும் உரிமை, துண்டிக்கும் உரிமை

நியதிகளை மாற்றினால் எப்படி அறிவிப்பார்கள் என்பதைப் பாருங்கள். மின்னஞ்சல் அனுப்பி முப்பது நாள் தவணை கொடுப்பது நாகரிகம். “அவ்வப்போது இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும்” என்பது அலட்சியம். கணக்கை மூடினால் உங்கள் தரவை இறக்கிக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள் என்பதையும், எந்த வடிவத்தில் தருகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு மென்பொருள் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு பந்தி மற்ற எல்லாவற்றையும்விடப் பெறுமதி. உங்கள் ஐந்து வருடப் பேரேட்டை எக்செல் ஆகத் தராத கொம்பனி, விலையை எவ்வளவு கூட்டினாலும் உங்களால் எழும்பிப் போகமுடியாது.

கெப்பிட்டலில் கத்தும் பந்தி

எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு பந்தி முழுக்கக் கெப்பிட்டல் எழுத்தில் கத்தும். கண்ணை உறுத்துவதால் எல்லோரும் தாண்டிப்போகும் பந்தியும் அதுதான். அது அப்படி இருப்பதற்குக் காரணம், உத்தரவாதத்தை மறுப்பதென்றால் வாசிப்பவர் கண்ணில் தெளிவாகப் படவேண்டும் என்று அமெரிக்க வணிகச் சட்டக் கோவை கேட்பது. உள்ளே இரண்டே செய்திதான். ஒன்று, பொருள் “உள்ளபடியே” தரப்படுகிறது, ஓடும் என்று வாக்கு இல்லை. இரண்டு, என்ன நட்டம் வந்தாலும் அவர்கள் கொடுப்பதற்கு ஓர் உச்சவரம்பு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் நீங்கள் கட்டிய தொகை, அல்லது 100 டொலர் என்ற மாதிரி இருக்கும். ஆக, இலவசக் களஞ்சியத்தில் அம்மாவின் எண்பதாம் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அநேகமாக ஒரு மன்னிப்புக் கடிதம். அந்தப் பந்தியை வாசித்தபிறகு நான் செய்தது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கியதுதான்.

இப்படி எழுதிவிட்டால் எல்லாம் செல்லும் என்றும் இல்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இங்கே இருக்கிறது. பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகங்களுக்கு அது வரம்பு வைக்கிறது. உள்ளூர் நிறுவனத்தோடு பெரிய தொகையில் பிரச்சினை என்றால் சட்டத்தரணியிடம் இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எந்த நீதிமன்றம்?

கடைசிப் பக்கத்தில் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்று இருக்கும். கலிஃபோர்னியா என்று இருந்தால், புதுக்கடை நீதிமன்றத்தை மறந்துவிடவேண்டியதுதான். பல ஒப்பந்தங்களில் நீதிமன்றமே கிடையாது, நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் முடிவு சொல்லும் நடுத்தீர்ப்புக்குத்தான் (ஆர்பிட்ரேஷன்) போகலாம் என்று கட்டியிருப்பார்கள். இந்த வரி எவ்வளவு தூரம் நீளலாம் என்பதை 2024இல் உலகமே பார்த்தது. ஃபுளோரிடாவில் டிஸ்னி வளாகத்து உணவகமொன்றில் சாப்பிட்ட பெண் ஒவ்வாமையால் இறந்துபோக, கணவர் வழக்குப் போட்டார். அவர் 2019இல் டிஸ்னி பிளஸை இலவசமாகப் பரீட்சித்துப் பார்த்தபோது நடுத்தீர்ப்புக்குச் சம்மதித்துவிட்டார், ஆகவே வழக்கு நிற்காது என்று டிஸ்னி வாதிட்டது. படம் பார்க்கப் போட்ட சம்மதம், சாப்பாட்டு மேசை மரணத்துக்கு! ஊர் உலகம் காறித் துப்பியபிறகு ஓகஸ்டில் அந்த வாதத்தைக் கைவிட்டார்கள். நடுத்தீர்ப்பிலிருந்து விலகிக்கொள்ள முப்பது நாள் போல ஒரு தவணை தரும் ஒப்பந்தங்களும் உண்டு. ஒரு மின்னஞ்சலோடு முடியும் வேலை.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கலிஃபோர்னியாவில் வழக்குப் போடுபவரை நான் கண்டதில்லை. எங்கள் கைக்கு எட்டுவது வேறு: தவறாக எடுத்த பணத்துக்கு அட்டை வங்கியிடம் எழுத்தில் முறையிடுவது, உள்ளூர் விற்பனையாளர் என்றால் 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்வது. இரண்டுக்கும் திகதி போட்ட அந்தப் பிடிஎஃப் கேட்கப்படும்.

உதவிக்கு ஆள் பிடிப்பது

டேர்ம்ஸ் ஒஃப் சேர்விஸ் டிடின்ட் ரீட் என்ற தன்னார்வத் தளம் 2012இலிருந்து பிரபல சேவைகளின் நியதிகளை வாசித்து, ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறது. முதல் பார்வைக்கு நல்லது. செயற்கை நுண்ணறிவு அரட்டையில் ஒப்பந்தத்தை ஒட்டித் தமிழில் சுருக்கம் கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் ஒவ்வொரு கூற்றுக்கும் மூல வசனத்தை அப்படியே எடுத்துத் தரச் சொல்லி, அந்த வசனத்தைக் கொன்ட்ரோல் எஃப்பில் தேடிப் பார்க்காமல் நம்புவதில்லை. ஒருமுறை ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு பதினான்கு நாள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அது எனக்கு மிகவும் அன்போடு உண்டாக்கித் தந்தது.

வியாபாரத்துக்காகப் பெரிய தொகையில் வாங்குபவர்கள் பேரம் பேசவும் தயங்கவேண்டாம். இணையத்தில் இருப்பது மாறாது, ஆனால் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் உங்களை அழைத்துப் பேசுகிறார் என்றால் அவரிடம் மாற்றக்கூடிய பந்திகள் சில இருக்கும். புதுப்பிக்கும்போது விலையேற்றத்துக்கு வரம்பு, ரூபாயில் விலைப்பட்டியல், வெளியேறும்போது தரவு. இந்த மூன்றையும் கேளுங்கள். வாயால் “அதெல்லாம் பிரச்சினையில்லை அண்ணை” என்றால் அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

வாசித்து முடித்ததும் ஆறு வரி எழுதிவைப்பேன்: பெயர், சம்மதித்த திகதி, எதற்குப் பாவிக்கலாம், புதுப்பிக்கும் நாள், நிறுத்தும் வழி, தரவை எடுக்கும் வழி. புதுப்பிக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகப் போனில் ஒரு நினைவூட்டல். எழுத்துருக்களுக்கு இன்னும் எளிது. இரண்டு கோப்புறை. ஒன்றின் பெயர் “கடைக்கு”, மற்றதன் பெயர் “வீட்டுக்கு மட்டும்”. அந்தப் பலகாரக் கடை எழுத்துரு, காசு கட்டிய ரசீதோடு, முதலாவதில் இருக்கிறது.